ஐயத்தை அறிவிக்கும் சாட்சி

தன் கண்ணால் காணாத ஒன்றை உண்மை என்று ஏற்றுக்கொள்ள ஒருவனுக்கு எப்போது உரிமை பிறக்கிறது என்பது இந்திய மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அறிவைத் தரும் வழிகளுக்கு அளவை என்றும் பிரமாணம் என்றும் பெயரிட்டு, அவை எத்தனை, ஒவ்வொன்றும் எதுவரை செல்லும் என்று நையாயிகரும் மீமாம்சகரும் பௌத்தரும் சமணரும் சைவ சித்தாந்திகளும் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். அந்த வாதங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் சமயமே நின்றது. வேதம் செல்லுமா, ஆகமம் செல்லுமா, மறுபிறப்பைப் பற்றிப் பேசுபவரின் சொல்லை ஏற்கலாமா என்பவையே அங்கே தீர்க்கப்பட வேண்டிய வழக்குகளாக இருந்தன. அதே வினா இன்று சமயத்தின் பெயர் கலவாமலும், முன்னைவிடக் கடுமையான நிபந்தனைகளோடும் விமானப் பொறியியலில் எழுந்துள்ளது. மூடுபனியாலோ தாழ்ந்த மேகத்தாலோ ஓடுபாதை மறைந்திருக்கும் வேளையில், செயற்கைக்கோள்கள் அனுப்பும் வானொலிக் குறிப்புகளை நம்பி, பயணிகள் நிறைந்த விமானம் ஒன்றைத் தரைக்கு மிக அருகே கொண்டுவரலாமா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. இதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை, சான்று என்றால் என்ன, நம்பத்தக்கவர் யார் என்பவற்றைப் பற்றிச் சமயவாதிகளும் அவர்களை மறுப்போரும் வழக்கமாகச் சொல்லும் விடைகளைவிட ஆழமானது.

வினாவின் கூர்மையை உணர, அந்த இறக்கத்தின் அளவுகளை அறிவது நல்லது. ஓடுபாதையை நோக்கி வரும் விமானம் பொதுவாக 3 பாகைச் சாய்வில் இறங்குகிறது. மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நடுத்தர விமானத்துக்கு, கடைசி 200 அடி உயரம், அதாவது சுமார் 60 மீட்டர், ஏறத்தாழ 16 விநாடிகளில் கரைந்துவிடும். நெடுங்காலமாக இந்த இறக்கத்துக்கு வழிகாட்டி வருவது ஐ.எல்.எஸ். எனப்படும் கருவிவழித் தரையிறங்கு முறை. ஓடுபாதையின் அருகே நிறுவப்பட்ட ஆன்டெனாக்களிலிருந்து, விமானம் இடவலமாக விலகுகிறதா என்பதைக் காட்ட ஓர் அலையும், சாய்வுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைக் காட்ட இன்னோர் அலையும் அனுப்பப்படுகின்றன. 1938 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், பனிப்புயலுக்கு நடுவே, அட்டவணைப்படி இயங்கிய பயணிகள் விமானம் ஒன்று முதன்முறையாக இந்த முறையைக் கொண்டு தரையிறங்கியது. செயற்கைக்கோள்வழி இறக்கம் இதே வேலையை, ஓடுபாதையருகே அந்த ஆன்டெனாக்கள் இல்லாமலே செய்ய முற்படுகிறது. சிறிய ஊர்களின் விமான நிலையங்களுக்கு அதனால் விளையும் நன்மை பெரிது.

இத்தகைய நிலையில் புலன்களுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்தே மெய்யியல் தொடங்க வேண்டும். காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்டு ஏனையவற்றைத் தள்ளியவர்கள் உலகாயதர். மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி என்ற பெயரில் அவர்களுள் ஒருவன் பேசுகிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். அந்த அறிவு பெரும்பாலும் பிறர் சொல்லால் வருவது என்பதை நோக்கினால், அவள் கேள்வி அவள் கருதியதைவிடவும் வலிமையானது என்றே சொல்ல வேண்டும். பூதவாதியின் கொள்கையை மூடுபனி இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேர் வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் விமானத்தை ஓட்டியபோது, அனைவருமே கட்டுப்பாட்டை இழக்கும் நிலையை அடைந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது, உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராமல் விட்டுவிடுகிறது. திருப்பம் நின்றபின் எதிர்த்திசையில் திரும்புவதாக ஒரு பொய்யுணர்வைத் தருகிறது. உடல் முழு உறுதியோடு ஒன்றைச் சொல்ல, முன்னிருக்கும் கருவி வேறொன்றைச் சொல்ல, விமானி தன் உடலை மறுத்துக் கருவியை ஏற்க வேண்டியிருக்கிறது. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கை அடுத்த மிட்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில், மூடப்பட்ட விமானி அறைக்குள் அமர்ந்து, வெளியே எதையும் பாராமல், கருவிகளைக் கொண்டே மேலெழுந்து, சுற்றி வந்து, தரையிறங்கிக் காட்டினார். ஆபத்துக்கு உதவ இன்னொரு விமானி முன்னிருக்கையில் இருந்தும், அவர் தலையிட வேண்டியிருக்கவில்லை. காட்சியே முதன்மை அளவை என்ற பொதுவான எண்ணத்துக்கு எல்லை உண்டு என்பதை நிறுவிய செயல்களில் அதற்கு உயர்ந்த இடம் தரலாம்.

கருவி தரும் அறிவு எந்த அளவையைச் சேர்ந்தது என்பது அடுத்த வினா. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் வகுத்த பல அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்குகிறது. நேரடிக் காட்சி, அதைக் கொண்டு ஊகித்தறியும் அனுமானம், தகுதியுடையார் சொல் என்பன அவை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தான் எந்தப் பாதையில் இருக்கிறது, தன் கடிகாரம் காட்டும் நேரம் என்ன என்ற இரண்டையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அறிவிப்பு வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவுகள் கிடைத்தால், விமானத்தின் இடத்துக்குரிய மூன்று அளவுகளையும், குறிப்பைப் பெறும் கருவியான ஏற்பியின் கடிகாரப் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம். ஆகவே இது நான்கு சாட்சிகளின் உரையின்மீது எழுப்பப்பட்ட கருதல் ஆகும். உரை பழுதானால் கருதலும் பழுதாகும். மைக்ரோவிநாடி, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கடிகாரம் தவறினாலே தொலைவு 300 மீட்டர் தவறிவிடும். புவியீர்ப்பும் வேகமும் காலத்தின் நடையை மாற்றும் என்ற ஐன்ஸ்டீனின் கோட்பாட்டின்படி, அந்த உயரத்திலுள்ள கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவிநாடி முந்தி ஓடும் என்பதையும் கணக்கில் கொண்டே இந்த அமைப்பு வடிவமைக்கப்பட்டது.

2004 ஜனவரி 1 அன்று 23ஆம் எண் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் பழுதடைந்தது. அது பயன்படுத்தத்தக்கதல்ல என்று தரைக் கட்டுப்பாட்டு நிலையம் குறிப்பதற்கு ஏறத்தாழ 3 மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அதை நம்பிக் கணக்கிட்ட தொலைவு கிலோமீட்டர் கணக்கில் பிழைபட்டிருந்தது. இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது பிழையின் அளவன்று. அந்த 3 மணி நேரமும் செயற்கைக்கோள் வழக்கமான குரலில், வழக்கமான தெளிவோடு, தான் நலமாக இருப்பதாகவே அறிவித்துக்கொண்டிருந்தது. குறிப்பின் வலிமையோ தெளிவோ அதன் உண்மைக்கு உறுதியளிப்பதில்லை. உரத்த நம்பிக்கையோடு பேசும் எந்தச் சாட்சியைப் பற்றியும் இதுவே உண்மை என்றாலும், சமய மேடைகளிலும் அரசியல் மேடைகளிலும் மக்கள் மிக எளிதாக மறக்கும் பாடமும் இதுவே.

குற்றமற்ற காட்சி என்பது ஐயமும் திரிபும் நீங்கியது என்று சித்தியார் கூறுகிறது. இருளில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று முடிவு காணாமல் நிற்பது ஐயம். கடற்கரையில் கிடக்கும் இப்பியை வெள்ளி என்றே துணிந்துவிடுவது திரிபு. இரண்டும் அறிவின் குற்றங்கள் என்று நூல்கள் ஒருங்கே வைத்து எண்ணினாலும், செயலில் இறங்குபவனுக்கு இவை ஒரே தரத்தன அல்ல. ஐயம் கொண்டவன் நின்று பார்ப்பான், திரும்பிச் செல்வான், வேறொருவரைக் கேட்பான். திரிபில் சிக்கியவனோ தான் சிக்கியிருப்பதையே அறியாதபடியால் உறுதியான காலோடு முன்னேறுவான். விமான வழிகாட்டலின் பாதுகாப்புக் கோட்பாடு முழுவதையும் இந்த வேறுபாட்டின்மீது எழுந்த கட்டடம் என்றே சொல்லலாம். அதன் நோக்கம் பிழையை அறவே ஒழிப்பதன்று, அது இயலாது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு திரிபையும் அது தீங்கு விளைவிக்கும் முன்னரே ஐயமாக மாற்றிவிட வேண்டும் என்பதே நோக்கம்.

இதற்கென அவர்கள் வகுத்த பண்பை 'இன்டெக்ரிட்டி' என்று அழைக்கின்றனர்; தமிழில் நம்பகவுறுதி எனலாம். துல்லியம் என்பது அளவீடு உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் குறிக்கும். நம்பகவுறுதி என்பது, அளவீடு உண்மையிலிருந்து ஓர் எல்லைக்கு மேல் விலகினால் அதைக் குறித்த நேரத்துக்குள் தானே அறிவித்துவிடும் திறனைக் குறிக்கும். ஏற்பி, இடத்தைக் கணக்கிடுவதோடு நில்லாமல், தன் பிழை இதற்கு மேல் இருக்காது என்ற ஒரு வரம்பையும் நொடிதோறும் கணக்கிடுகிறது; அதைக் காப்பு வரம்பு என்போம். அந்த இறக்கத்துக்கு எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்பது எச்சரிக்கை வரம்பு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிப்படி, செங்குத்து வழிகாட்டலோடு கூடிய ஏ.பி.வி.-1 வகை இறக்கத்துக்கு உயரத்தில் 50 மீட்டரும் பக்கவாட்டில் 40 மீட்டரும் எச்சரிக்கை வரம்புகள். தவறு நேர்ந்தால் 10 விநாடிக்குள் அறிவிக்க வேண்டும். 200 அடி வரை இறங்க இடமளிக்கும் முதல் வகைத் துல்லிய இறக்கத்துக்கு அந்தக் கால வரம்பு 6 விநாடி. காப்பு வரம்பு எச்சரிக்கை வரம்பைத் தாண்டிவிட்டால், உண்மையில் பிழை ஒரு மீட்டராகவே இருந்தாலும், கருவி தன்னைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொள்ளும். எச்சரிக்கையின்றி வரம்பு மீறும் வாய்ப்பு ஓர் இறக்கத்துக்கு ஒரு கோடியில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது; அதாவது 50 லட்சம் இறக்கங்களில் ஒன்று. இவ்வளவு அரிய நிகழ்வை எண்ணிப் பார்த்து நிறுவிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பிழைகளின் பரவலை உண்மையைவிட மோசமாகவே இருப்பதாகக் கொண்டு, அந்த மோசமான கணக்கிலும் வரம்பு நிற்கிறதா என்று பார்க்கும் ஒரு கடுமையான கருதல் அங்கே வேலை செய்கிறது.

ஓர் அறிவு உண்மையானது என்பது அந்த அறிவாலேயே விளங்குமா, வேறொன்றால் நிறுவப்பட வேண்டுமா என்று மீமாம்சகருக்கும் நையாயிகருக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கு இவ்விடத்தில் நேரடியாகப் பயன்படுகிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டர், அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகும் தன்மையோடு தோன்றுகிறது என்றும், இரண்டே காரணங்களால் அது தள்ளப்படும் என்றும் வாதிட்டார். அதற்கு முரணான வேறோர் அறிவு எழுவது ஒரு காரணம். அறிவைத் தந்த கருவியில் குற்றம் இருப்பது தெரியவருவது மற்றொன்று. செயற்கைக்கோள் வழிகாட்டலில் பிழையைக் கண்டறியும் இருபெரும் முறைகளும் இந்த இரண்டு காரணங்களுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. விமானத்திலுள்ள ஏற்பியே, தேவையான நான்குக்கு மேல் ஐந்தாவது செயற்கைக்கோளும் கிடைத்தால், அவற்றின் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று ஒப்பிட்டு ஏதோ ஒன்று தவறு என்று காணும். ஆறாவதும் கிடைத்தால் தவறியது எது என்றும் பிரித்து விலக்கும். இது முரண்பாட்டால் தள்ளுதல். இரண்டாவது முறையில், தம் இடத்தைத் துல்லியமாக அறிந்த தரைநிலையங்கள் ஒவ்வொரு செயற்கைக்கோளையும் கண்காணித்து, குற்றமுள்ளதை அடையாளம் கண்டு, புவிநிலைச் சுற்றுப்பாதையிலுள்ள வேறொரு செயற்கைக்கோள் வழியாக விமானங்களுக்கு அறிவிக்கின்றன. இது காரணத்தின் குற்றத்தால் தள்ளுதல். கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போனால் முடிவே இராது; மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேடத் தேவையில்லை என்று குமாரிலர் அந்த முடிவில்லாத் தொடருக்கு வரம்பு கட்டினார். தரைநிலையங்களிலும் ஒன்றையொன்று சாராத ஏற்பிகள் சிலவற்றை வைத்து, அவை ஒத்துப்போவதோடு தேடலை நிறுத்திக்கொள்கின்றனர்.

எனினும் தள்ளப்படும் வரை ஏற்கலாம் என்ற குமாரிலரின் நெறி ஓடுபாதைக்கு அருகே போதுமானதாக இல்லை. அறிவின் உண்மை, அதன்படி செயல்பட்டுப் பயன் கிடைப்பதால் நிறுவப்படும் என்பது நியாயக் கொள்கை. தண்ணீர் என்று கண்டதை அருந்தித் தாகம் தீர்ந்தால் அது தண்ணீரே. தீராவிட்டால் இழப்பு சிறிது. மேகத்துக்குள் இறங்கும் விமானத்தில், பயனைக் கொண்டு சோதிப்பது என்பது தரையில் மோதியபின் அறிவதாகவே முடியும். 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஜயந்த பட்டர் தம் நியாயமஞ்சரியில் இந்தச் சிக்கலைக் கண்டார். அன்றாடச் செயல்களில் ஐயத்தோடும் இறங்கலாம் என்ற அவர், பெரும் பொருளும் உழைப்பும் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத பயனை நோக்கிச் செய்யப்படும் வேதச் சடங்குகளில் இறங்கும் முன் சான்றின் உண்மையை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றார். எவ்வாறு உறுதிசெய்வது? பயனைக் காணக்கூடிய இடங்களில் சொல் மெய்யாகியிருக்கிறதா என்று பார்த்து, அதே இனத்தைச் சேர்ந்த, அதே மூலத்திலிருந்து வந்த காணமுடியாச் சொல்லுக்கும் அந்தத் தகுதியை நீட்டலாம் என்பது நியாய மரபின் விடை. மருத்துவ நூல் பலித்ததைக் காட்டி வேதத்துக்குத் தகுதி சொன்ன நியாய சூத்திரத்தின் வாதமும் இதுவே. வேதத்தின் பொருட்டு அந்த நீட்சி செல்லுமா என்பது தனி வழக்கு. மருந்தின் பலனைச் சோதித்ததைப் போல மறுமையின் பலனைச் சோதிக்க வழியில்லாததால், அந்த வாதம் அங்கே பாதியிலேயே தளர்ந்துபோகிறது. விமானக் கருவிக்குச் சான்றளிக்கும் முறையிலோ அது முழு வலிமையோடு நிற்கிறது. தெளிந்த வானில், வேறு வழிகளால் இடத்தைச் சரிபார்க்கக்கூடிய நிலையில் மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே, மூடுபனியில் அதே கருவியின் சொல்லை ஏற்க விமானிக்கு அனுமதி கிடைக்கிறது. அப்போதும் கருவியின் ஆட்சி குறித்த உயரம் வரைதான். 200 அடியோ 250 அடியோ, அந்த இறக்கத்துக்கென வகுத்த உயரத்தை எட்டும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியாவிட்டால், விமானி இறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறியாக வேண்டும். காண்டல் இழந்த அதிகாரத்தை அங்கே திரும்பப் பெறுகிறது.

தரைநிலையங்களால் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் இந்தியாவின் ககன் அமைப்பு இந்தக் கொள்கைகள் செயலாகும் முறைக்கு நல்ல சான்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய அது, நாடெங்கும் 15 கண்காணிப்பு நிலையங்களையும் பெங்களூருவில் கட்டுப்பாட்டு மையங்களையும் கொண்டது. 2015 ஏப்ரலில் ஏ.பி.வி.-1 சான்று பெற்றது. 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72 விமானம் ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் ககனைக் கொண்டு தரையிறங்கியது. இத்தகைய அமைப்புகளை முன்னரே கொண்டிருந்த அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றைவிட இந்தியாவின் வானம் கடினமானது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்வதால், அயனமண்டலம் எனப்படும் மின்னேற்ற மேலடுக்கு இங்கே பெரிதும் கொந்தளிக்கிறது; மாலைக்குப் பிறகு அதில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழுந்து, வானொலிக் குறிப்புகளைத் தாமதப்படுத்தியும் சிதறடித்தும் விடுகின்றன. இதற்கெனத் தனி அயனமண்டல மாதிரி ஒன்றை அறிவியலாளர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. கொந்தளிப்பு மிகும்போது ககன் காப்பு வரம்பைப் பெரிதாக்குகிறது. சிலவேளை சேவையே இல்லை என்று அறிவிக்கிறது. சேவை தடைபடுவதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. எப்போதும் விடை தரும் அமைப்பைவிட, தெரியாத வேளையில் தெரியாது என்று சொல்லும் அமைப்பே மேலானது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

விண்ணிலிருந்து வரும் இந்தக் குரல் யாருடையது? வேதத்தை ஆக்கியோன் எவனும் இல்லை என்றும், சொல்லின் குற்றங்கள் எல்லாம் சொல்பவனின் குற்றங்களிலிருந்தே வருவதால், சொல்பவன் இல்லாத சொல்லில் குற்றம் புகாது என்றும் மீமாம்சகர் கருதினர். கருவிகளின் அளவீடுகளை இன்றைய மனிதர் பெரும்பாலும் இத்தகைய ஆளில்லாச் சொல்லாகவே எண்ணுகின்றனர். எந்திரம் சொல்கிறது, எனவே சார்பில்லை, பொய்யில்லை என்ற எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. அது பெரும் பிழை. கடிகாரத்தைத் திருத்துபவரும், வரம்பைக் கணக்கிட்டவரும், கண்காணிப்பு நிலையத்தில் இரவுப்பணி பார்ப்பவரும் மனிதர்களே. ஆகவே நியாய மரபு பேசும் ஆப்தன், அதாவது நம்பத்தகுந்தவன், என்ற கருத்துதான் இங்கே பொருந்துகிறது. பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே அறிவிக்கும் விருப்பமுடையவனே ஆப்தன் என்ற நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர், இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்தார். பிறப்பையோ பதவியையோ பாராமல் அறிவையும் வாய்மையையும் மட்டும் நோக்கிய அந்தத் துணிவு போற்றத்தக்கது. நம்பகவுறுதிக் கோட்பாடு அதற்கு மூன்றாவது தகுதி ஒன்றையும் வேண்டுகிறது. தன் அறிவு எங்கே முடிகிறது என்பதை அறிந்து, அதையும் காலம் தவறாமல் அறிவிப்பவனாக ஆப்தன் இருக்க வேண்டும்.

காணாத விமானியையும் அறியாத கருவியையும் நம்பி விமானத்தில் ஏறுகிறவன் காணாத இறைவனை நம்புவதில் என்ன தடை என்று சமயவாதிகள் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி நம்பிக்கையின் ஒரு பாதியை மட்டுமே காண்கிறது. விமானத்தை நம்புவது நியாயமாவது, அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதற்கான நிபந்தனைகள் முன்கூட்டியே எழுதப்பட்டு, அவை நிறைவேறும்போது மறுப்பின்றிச் செயல்படுத்தப்படுவதாலேயே. மறுபுறம், பிறர் சொல்லை ஏற்பது அறிவின் தாழ்ந்த வகை, ஒவ்வொருவனும் தானே கண்டு தெளிவதே உயர்ந்தது என்று பகுத்தறிவின் பெயரால் பேசுவோரும் மூடுபனியில் பூதவாதியின் நிலையையே அடைகின்றனர். சான்றை ஏற்பதும் பகுத்தறிவே. எந்தக் குறிப்பு தோன்றினால் தன் சொல்லைக் கைவிடலாம் என்பதைச் சான்று சொல்பவர் தெரிவித்திருக்கிறாரா என்று குருவிடமும் நூலிடமும் நிறுவனத்திடமும் கேட்பதில் இறைமறுப்பு ஏதும் இல்லை. ஐயம் திரிபு அற உணர்தலை வேண்டிய தமிழ்ச் சைவ மரபுக்கு அந்தக் கேள்வி அயலானதும் அன்று.

இதுவரை சொன்னவை அனைத்தும் இயற்கையின் கொந்தளிப்பையும் எந்திரத்தின் பழுதையும் எதிர்நோக்கியவை; மனிதனின் வஞ்சனை அந்தக் கணக்கில் போதிய இடம் பெறவில்லை. அமெரிக்காவின் நுவர்க் விமான நிலையத்தில் செயற்கைக்கோள்வழி இறக்கத்துக்குத் துணைசெய்யும் தரைநிலையம், 2009இன் இறுதியிலிருந்து அவ்வப்போது விளங்காத குறுக்கீடுகளுக்கு உள்ளாகிவந்தது. அருகிலுள்ள நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிகள் சிலவற்றில் இருந்த, ஜி.பி.எஸ். குறிப்பை மறைக்கும் சிறு கருவிகளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 2012இல் பிடிபட்ட ஓட்டுநர் ஒருவர், தம் இருப்பிடம் முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அதைப் பயன்படுத்தியிருந்தார்; அடுத்த ஆண்டு அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. குறிப்பை மறைப்பது ஐயத்தை மட்டுமே விளைவிக்கும், கருவி அதை உணர்ந்து விலகிக்கொள்ளும் என்பதால், அந்தச் செயலின் விளைவும் பெரும்பாலும் தாமதத்தோடு முடியும். பொய்யான குறிப்பைத் திட்டமிட்டு அனுப்பி, விமானத்தை அது இல்லாத இடத்தில் இருப்பதாக நம்பவைக்கும் செயல் வேறு வகையைச் சேர்ந்தது. அது வேண்டுமென்றே திரிபை உண்டாக்குகிறது. போர் நடக்கும் பகுதிகளின் அருகே இந்த இரு தொல்லைகளும் அண்மை ஆண்டுகளில் பெருகிவிட்டன. தமக்கு எவ்விதத்திலும் பகையல்லாத பயணிகளின் உயிரை இவ்வாறு பணயம் வைக்கும் செயலைப் போர்த்தந்திரம் என்று சொல்லி அறத்தின் முன் யாரும் விடுபட முடியாது. செய்தி உண்மையான மூலத்திலிருந்தே வந்தது என்று மறையீட்டு முறையால் சரிபார்க்கும் வசதியை ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு ஏற்படுத்தியிருப்பது இதற்கான மறுமொழிகளில் ஒன்று.

அது முழு மறுமொழி ஆகாது. 2024 ஏப்ரலில் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்குச் சென்ற ஃபின்ஏர் விமானங்கள் இரண்டு, ஜி.பி.எஸ். குறுக்கீட்டால் இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. அந்த மாத இறுதியில் நிறுவனம் தார்த்துச் சேவையை ஒரு மாதத்துக்கு நிறுத்தியது. அந்த நிலையத்தில் பயன்பாட்டிலிருந்த இறங்குமுறைகள் ஜி.பி.எஸ்.ஸைச் சார்ந்தே இருந்தன. அது தேவைப்படாத மாற்றுமுறை ஏற்படுத்தப்பட்ட பின்னரே ஜூன் தொடக்கத்தில் சேவை மீண்டது. விமானங்கள் திரும்பிச் சென்றதில் கோட்பாடு தோற்கவில்லை, ஐயம் அறிவிக்கப்பட்டது, விமானிகள் அதை மதித்தனர். தோற்றது, ஒரே மூலத்திலிருந்து பேசும் பல குரல்களைப் பல சாட்சிகள் என்று எண்ணிய திட்டமே. முப்பது செயற்கைக்கோள்கள் இருந்தாலும், மிக மெல்லிய ஒரே வகை அலையில் அவை பேசுவதால், ஒரு சிறு கருவியால் அனைத்தையும் ஒருங்கே வாயடைக்க முடிகிறது. எனவே, செயற்கைக்கோள் வந்துவிட்டது என்ற காரணத்துக்காகவும் பராமரிப்புச் செலவைக் காரணம் காட்டியும் ஓடுபாதையருகே நிற்கும் ஐ.எல்.எஸ். ஆன்டெனாக்களையும் தொலைவளக்கும் தரைநிலையங்களையும் அகற்ற முற்படும் நிர்வாகங்கள் அந்த முடிவைக் கைவிட வேண்டும். கிஷன்கட்டைப் போலச் செயற்கைக்கோள்வழி இறக்கத்தைப் பெற்றுவரும் சிறிய நிலையங்களுக்கும், அந்தக் குறிப்பைச் சாராத இன்னொரு சாட்சியைக் குறைந்த அளவிலேனும் அமைத்துத் தர வேண்டும்.